பெட்டிக்கு அடியில் றோட்டுத் தெரிய வேண்டும்

உழவு மெசின் ஏற்றுவதற்குப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் இப்போது முதலில் பார்ப்பது நிறத்தை. இரண்டாவதாகப் பார்ப்பது, பின்பக்கத்தில் எத்தனை விளக்கு எரிகிறது என்பதை. மூன்றாவதாக ஏதாவது பார்க்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது. போன மாதம் ஒருவர் என்னைத் தேடி வந்து, கைப்பேசியில் பெட்டி பெட்டியாகப் படம் காட்டினார். பெட்டி என்று எங்கள் பக்கத்தில் சொல்வது ட்ரெய்லரை.

"ஐயா, நீங்க காலம் முழுக்க இதே வேலையில இரிந்த ஆள். இதில எது திறம் எண்டு சொல்லுங்க" என்றார்.

"எந்த றோட்டால கொண்டு போகப் போறீங்க?"

"எல்லா றோட்டாலயும்தான்."

"ஏத்தி இறக்க எத்தின பேர் இரிக்காங்க?"

"ஆள் எதுக்கு ஐயா? பட்டனை அமத்தினாத் தட்டுத் தானாச் சரியும்."

"பட்டன் வேலை செய்யாட்டி?"

வானம் இடிந்து விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அவர் இரண்டு தரம் திருப்பிக் காட்டிய சிவப்புப் பெட்டியை வாங்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். மனிதர் சந்தோசமாகப் போனார். ஏற்கனவே மனதில் அதைத்தான் வாங்கி முடித்திருந்தார். என்னிடம் வந்தது ஒரு தலையாட்டலுக்கு.

அவர் போன பிறகு எனக்கு வெட்கமாகிவிட்டது. பெட்டி தெரிவு செய்வதில் நான் பெரிய விண்ணன் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அந்தக் கதை எப்படி உண்டானது என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். நான் சாக முன்னம் அதை நானே எழுதிவிடுவது நல்லது. மற்றவர்கள் எழுதினால் இதைவிட மோசமாக எழுதுவார்கள்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டதற்குக் காரணம் வறுமை என்று சொன்னால் கேட்கிறவர்கள் இரங்குவார்கள். உண்மையான காரணம் கணக்கு வாத்தியார் கேள்வி கேட்பார் என்ற பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். வீட்டுக்குப் போகும் வழியில் பாதித் தூரத்தில் திரும்பி வந்து நான்காம் தரமும் இழுப்பேன். அப்படிப்பட்டவனைக் கல்லடியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உழவு மெசின் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரண்டு வருசம் மண்ணெண்ணெயில் ஆணி கழுவினேன். அடுத்த மூன்று வருசம் கிறீஸ் பூசினேன். பிறகு சங்கிலி கட்ட விட்டார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

சங்கிலி கட்டுவதில் மட்டும் என் பயம் எனக்கு உதவியது. மெசினைப் பெட்டியில் ஏற்றினால் அதன் பாரம் அச்சுக்கு ஒரு சாண் முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் பெட்டி லொறியின் பிட்டத்தைத் தூக்கும். அதிகம் முன்னால் விழுந்தால் லொறி மூச்சுமுட்டும். இரண்டு சங்கிலி முன்பக்கம் குறுக்கே, இரண்டு பின்பக்கம் குறுக்கே. சங்கிலியை அச்சில்தான் போட வேண்டும். மட்காட்டில் போடுகிறவன் வேறு வேலைக்குப் போகலாம். திருகை இறுக்கிவிட்டு ஒரு மைல் ஓடி, நிறுத்தி, மறுபடியும் இறுக்க வேண்டும். முதல் மைலில் எல்லாச் சங்கிலியும் தளரும். இதை எவருக்குச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். ஒருவரும் நிறுத்த மாட்டார்கள். நான் ஒரு மைலுக்கு ஒரு தரம் நிறுத்துவேன். லொறிச் சாரதி அருமை அண்ணன் பெரியகல்லாற்று ஆள், வாய் சும்மா இராது. "இவனோட போறதும் ஒண்டு, கர்ப்பிணியோட போறதும் ஒண்டு" என்பார்.

பட்டறையின் போர்மன் லூயி ஐயா, பட்டினத்துப் பறங்கியர். தச்சும் இரும்பும் அந்தக் குடும்பத்தில் எத்தனை தலைமுறை என்று அவருக்கே தெரியாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காதில் ஒரு சோக்குக் கட்டி செருகியிருப்பார். நாங்கள் ஒரு வேலையை முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டால், வந்து, குனிந்து, ஒரு சின்னச் சுத்தியலால் ஒட்டு வேலையை இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார். நல்லது என்றால் ஒன்றும் சொல்லாமல் போவார். பிழை என்றால் சோக்கால் குறுக்கே இரண்டு கோடு கீறி ஒரு புள்ளடி போட்டுவிட்டுப் போவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். அதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்த பிறகு அவர் கடவுளின் வேலைக்கும் புள்ளடி போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

யுத்தம் வந்து எங்கள் வாவியை இரண்டாகப் பிரித்தது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வயல் எல்லாம் மேற்கே. பட்டறையும் கடைகளும் கிழக்கே. மேற்கே எது போவதானாலும் இராணுவத்தின் சென்றிப் பொயின்ரில் இறங்கிக் காட்ட வேண்டும். பிறகு துறையில் 'பாதை' ஏற வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற பெரிய மிதவையை. பகல் பன்னிரண்டுக்கு அது நின்றுவிடும்.

மேற்கே பற்றரி போகக் கூடாது. டீசல், இராணுவம் தருகிற பாஸில், அதாவது அனுமதிச் சீட்டில், எழுதிய அளவுக்கு மட்டும் போகலாம். அதுவும் தனிக் கானில், மூடிக்கு முத்திரை வைத்து. மெசினின் தாங்கி காய்ந்திருக்க வேண்டும். ஆணி ஒன்று போனாலும் பாஸில் எழுதியிருக்க வேண்டும். ஆகவே திருத்திய மெசின் ஒன்றை அந்தக் கரைக்குக் கொண்டுபோவது, பிரேதத்தைக் கொண்டுபோவது போன்றது. அது தானாக ஏறாது, தானாக இறங்காது. மனிதக் கைதான் வேண்டும்.

இதை யோசித்து லூயி ஐயா ஒரு பெட்டி செய்திருந்தார். பழைய லொறிச் சட்டம், முழங்கால் உயரம், பார்க்க விறகு வண்டி மாதிரி. முன் ஊசியைக் கழற்றி மூக்கைத் தூக்கினால் வால் நிலத்தில் முட்டும். பத்துப் பேர் தள்ளினால் மெசின் ஏறிவிடும். தட்டுக்கு முழுத் தகடு போடவில்லை. பலகைதான், அதுவும் பலகைக்குப் பலகை நான்கு விரல் இடைவெளி விட்டு. "ஏன் ஐயா தகடு போடயில்ல?" என்று நான் ஒரு தரம் கேட்டுவிட்டேன். அன்று அவருக்கு என்ன நல்ல மனமோ, பதில் சொன்னார்.

"பெட்டிக்கு அடியில றோட்டுத் தெரியணும். கீழ குனிஞ்சு பாக்கிறவனுக்கு மேல என்ன இரிக்கு எண்டு தெரிஞ்சா இறக்கச் சொல்ல மாட்டான்."

அவ்வளவுதான். சிப்பாய் வருவான், குனிவான், இடைவெளியால் மெசினின் வயிற்றைப் பார்ப்பான், கையை அசைப்பான். ஒரு பெட்டியைத் தெரிவு செய்வதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை. எந்தப் புத்தகத்திலும் இது இராது.

அந்த நேரம் பார்த்து எங்கள் சங்கத்துக்கு ஒரு புதுப்பெட்டி இனாமாக வந்தது. கொடுத்தவர்கள் கடல் கடந்தவர்கள். வாவியைக் கண்டவர்கள் அல்ல. நான்கு பெரிய சில்லு, நெஞ்சளவு உயரம், மேலும் கீழும் தகடு அடித்த தட்டு, பக்கத்தில் சுத்தியல், குறடு வைக்கப் பூட்டுப் போட்ட ஆயுதப்பெட்டி, நீல நிறம். பாரம் எவ்வளவு தாங்கும் என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருந்தது. அதற்கு மாலை போட்டார்கள். பொட்டு வைத்தார்கள். முகாமையாளர் அதன் தட்டில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். ஏறுவதற்கு அவருக்குக் கதிரை வைக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதன் ஏறவே கதிரை வேண்டிய தட்டில் செத்த மெசின் எப்படி ஏறும் என்று அங்கே நின்ற ஒருவரும் யோசிக்கவில்லை. லூயி ஐயா யோசித்தார். விழா முடிந்த பிறகு நான் சில்லைப் பார்த்தேன். சின்னதாக ஒரு புள்ளடி இருந்தது.

இனி அந்த வேலைக்கு வருகிறேன்.

பூரணம் அக்கா படுவான்கரையில் ஆறு ஏக்கர் செய்கிறவர். புருசன் காணாமற் போய் மூன்று வருசம். அதைப்பற்றி அவரிடம் ஒருவரும் கதைப்பதில்லை. மெசினை அவரே ஓட்டுவார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. அந்த மெசின் கியர்ப்பெட்டி உடைந்து எங்கள் பட்டறையில் ஏழு கிழமை கிடந்தது. பல்லுச் சில்லு ஒன்றுக்காக ஏறாவூர்க் கடைகளில் ஏறி இறங்காத படி இல்லை. ஒருவாறு திருத்தி, பாஸும் கைக்கு வந்தபோது விதைப்பு முடிய ஐந்து நாள்தான் மிச்சம். வட்டைக் கூட்டத்தில் கடைசி நாள் குறித்தாகிவிட்டது. வட்டை என்பது ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற வயல்வெளி. அதில் எல்லாரும் ஒன்றாக விதைத்து ஒன்றாக வெட்ட வேண்டும். பிந்தி விதைக்கிறவனுக்காக வாய்க்கால் காத்திராது, மற்றவர்களின் மாடும் காத்திராது. கடைசி நாளுக்குள் மெசின் போகாவிட்டால் அந்த ஆறு ஏக்கரும் அந்த மாரிக்குத் தரிசு. பிள்ளைகள் மூன்று பேர்.

பாஸுக்குப் படிவம் கொடுத்தது அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னம். அதில் லொறி நம்பரும் பெட்டி நம்பரும் எழுத வேண்டும். எழுதினால் எழுதினதுதான், மாற்ற ஏலாது. பாஸ் ஒரு நாளைக்கு, ஒரு போக்குக்கு. நான் படிவத்தை எடுத்துக்கொண்டு லூயி ஐயாவிடம் போனேன்.

"எந்தப் பெட்டிர நம்பரை எழுதுறது ஐயா?"

"ஆர் போறது?"

"நான்தான்."

"மறுகா ஏன் என்னட்டக் கேக்காய்?"

எனக்குத் தெரியும். பலகைப் பெட்டிதான் என்று சத்தியமாகத் தெரியும். ஆனால் புதுப்பெட்டி நிற்க விறகுவண்டியைக் கொண்டு போனான் என்று பிறகு யாராவது கேட்டால்? ஏதாவது நடந்து, இனாம் தந்தவர்கள் வந்து, பெட்டி ஏன் பாவிக்கவில்லை என்று கேட்டால்? அன்று பகல் முழுக்கப் படிவத்தை மடித்து மடித்து விரித்தேன். கடைசியில், கேட்கக்கூடாத ஆளிடம் போய்க் கேட்டேன். முகாமையாளரிடம்.

"இதென்ன கேள்வி? புதிசை எழுதுங்க. அது பத்துத் தொன் தாங்கும்" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

மெசினின் பாரம் இரண்டு தொன். மிச்ச எட்டுத் தொன்னும் அவருடைய மூளை இருந்த இடத்தில் வைக்கலாம் என்று இப்போது எழுத முடிகிறது. அன்று, "ஓம் சேர்" என்றேன். எழுதினேன். எழுதியதும் என் நெஞ்சு லேசாகியது. இனி என்ன நடந்தாலும் என்னை ஏச முடியாது. பெட்டி தெரிவு செய்யும்போது அந்த லேசான உணர்வு வந்தால், தெரிந்துகொள்ளுங்கள், பிழையான பெட்டியைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

பட்டறையில் ஏற்றுவது சுகமாகத்தான் இருந்தது. வளையில் தொங்கும் செயின் புளொக்கால் தூக்கி வைத்தோம். கலப்பையை முன்னுக்கு வைத்தோம். ஆழச் சேற்றில் டயருக்குப் பதிலாகப் போடுகிற இரும்புச் சில்லு இரண்டையும் பக்கத்தில் சாய்த்தோம். அந்தச் சில்லுகளைப் பூட்டுகிற எட்டுத் திருகாணிகள் லூயி ஐயா தன் கையால் கடைந்தவை. அந்த அளவு வேறெங்கும் கிடையாது. களவு போய்விடும் என்று அவற்றை ஒரு துணியில் சுற்றி, ஆயுதப்பெட்டியில் வைத்துப் பூட்டி, திறப்பைக் கயிற்றில் கோர்த்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். லூயி ஐயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பூரணம் அக்கா முன் சீற்றில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து வந்தார். சென்றிக்குப் போகும்போது மணி ஒன்பதரை. சிப்பாய் குனிந்து பார்த்தான். தகடு. மேலே ஏறிப் பார்த்தான். தகடு. துவக்குப் பிடியால் தட்டினான். உள்ளே வெறுமை என்று சத்தம் சொன்னது. அதிகாரியைக் கூப்பிட்டான். வந்தவர் சின்ன வயது. தமிழ் துண்டு துண்டாக வந்தது.

"இதுக்கு உள்ளுக்கு என்ன?"

"ஒண்டும் இல்ல சேர். காத்து."

"மெசின் இறக்கு. பாக்க வேணும்."

அவரில் பிழை சொல்ல ஏலாது. ஒரு அடி உயரத்துக்கு மேலும் கீழும் மூடிய தட்டை நான் அவர் இடத்தில் நின்றாலும் திறந்துதான் பார்ப்பேன்.

இறக்கினோம். ஏறுதகடு இரண்டையும் வைத்து, கயிற்றை ஒரு பூவரச மரத்தில் சுற்றி, மெல்ல மெல்ல விட்டோம். ஆயுதப்பெட்டியையும் திறந்து காட்டினேன். ஆணியை எண்ணினார்கள், எட்டு. பாஸிலும் எட்டு. நான் மறுபடியும் பூட்டினேன். தட்டின் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே காற்றுத்தான். எல்லாம் கால் மணித்தியாலம்.

"சரி. ஏத்து" என்றார் அதிகாரி.

எப்படி ஏற்றுவது? நெஞ்சளவு உயரம். லொறியைக் கழற்றி முன்னுக்கு விட்டுக் கயிற்றால் இழுக்கலாம் என்றார் அருமை அண்ணன். முன்னுக்குத் தடையாகத் தார்ப்பீப்பாய்கள், மெசின் பெட்டியில் ஏறி முடியாமல் எதுவும் தடையைத் தாண்டக் கூடாது. பின்னால் நின்ற பஸ்ஸில் இருந்து இறக்கப்பட்ட சனம் நாற்பது பேர் இருக்கும். பூரணம் அக்கா போய்க் கேட்டார். வந்தார்கள். மீன்கூடைக்காரர், படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போகிற வாத்தியார் ஒருவர், கோயிலுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் கயிற்றைப் பிடித்தார்கள். நான் சில்லுக்கு அடை வைத்தேன். பாதி ஏறியது. அப்போது ஒரு ஏறுதகடு பக்கவாட்டில் வழுக்கியது. மெசின் பின்னுக்கு வந்தது. சனம் கயிற்றை விட்டுச் சிதறியது. வாத்தியார் மட்டும் விழுந்துவிட்டார். சில்லு அவருடைய காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது.

அவர் எழும்பி முழங்காலில் மண்ணைத் தட்டினார். "இதை வாங்கினவர் ஆர்?" என்றார் என்னிடம்.

"இனாம் சேர்."

"அதுதான் பாத்தன்."

நான் இன்னொரு தரம் முயலலாம் என்றேன். இன்னொரு தரமும் முயன்றோம். இந்த முறை பாதி வரைக்கும் போகவில்லை. மணி பதினொன்று தாண்டிவிட்டது. நான் மூன்றாம் தரத்துக்குச் சனத்தைக் கூப்பிடத் தொடங்கினேன். பூரணம் அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, எனக்கு மெசின் போகோணுமா, பெட்டி போகோணுமா?"

"ரெண்டும் அக்கா. பாஸில ரெண்டும் இரிக்கு."

"பாஸ் விதைக்காதுகா."

அவரே அதிகாரியிடம் போனார். கையால் வாவியைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், மெசினைக் காட்டினார். என்ன பாசையில் கதைத்தாரோ தெரியாது. அதிகாரி பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மெசினைச் சங்கிலியில் கட்டி லொறி இழுத்துக்கொண்டு போகலாம், துறை ஒன்றரை மைல்தான், பெட்டி இங்கேயே நிற்கலாம் என்றார். ஆனால் ஆளில்லாமல் எதுவும் சென்றிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, ஆகவே ஒருவர்...

"நான் நிக்கிறன் சேர்" என்றேன்.

அவர் சொல்லி முடிக்கவில்லை. அதைத் தியாகம் என்று யாரும் எடுத்துவிடக் கூடாது. பிரேக் சரியாகப் பிடிக்காத மெசின், கயிற்றுக்கு ஆடுகிற மிதவை, அந்தக் கரையில் துவக்கோடு நிற்கிறவர்களின் கேள்விகள், எல்லாம் என் மனதில் வந்து போயின. நிற்கலாம் என்ற சொல் எனக்குத் தேன் மாதிரி இருந்தது.

எட்டுப் பேர் கலப்பையைத் தூக்கி லொறியில் போட்டார்கள். இரும்புச் சில்லு இரண்டையும் உருட்டி ஏற்றினார்கள். டீசல் கானை அருமை அண்ணன் காலடியில் வைத்தார். நான் சங்கிலியை அச்சில் கட்டினேன், நன்றாகத்தான் கட்டினேன். பூரணம் அக்கா சேலையைச் செருகிக்கொண்டு மெசினில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மைல் போய் நிறுத்திச் சங்கிலியை இறுக்கச் சொல்லிக் கத்தினேன். அருமை அண்ணன் கையை வெளியே நீட்டி ஆட்டினார்; ஓம் என்றா, சரிதான் போ என்றா தெரியாது. பாதை புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏறினார்கள் என்று பிறகு அறிந்தேன்.

நான் பெட்டியின் நிழலில் குந்தினேன். நெடுநாளுக்குப் பிறகு மனம் ஆறுதலாக இருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்க்கக் குனிந்தபோது இடுப்பில் ஏதோ குத்தியது. திறப்பு.

ஆணி எட்டும் உள்ளே கிடந்தன.

சில்லு அந்தக் கரையில், அதைப் பூட்டுகிற ஆணி இந்தக் கரையில். பூரணம் அக்காவின் ஆறு ஏக்கரில் நாலு ஏக்கர் மேடு, டயரோடு உழலாம். இரண்டு ஏக்கர் வாய்க்கால் ஓரப் பள்ளம். இரும்புச் சில்லு இல்லாமல் இறங்கினால் மெசின் வயிறு முட்டத் தாழும். எனக்கு அது தெரியும். மெசின் பட்டறையில் கிடந்த ஏழு கிழமையும் அவர் அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான் கதைத்தார்.

இரவு பெட்டியடியிலேயே கழிந்தது; அடுத்த நாள் காலையில் லொறி திரும்பி வந்தது. அதே நேரம் முழங்காலில் பிளாஸ்ரரோடு அதே வாத்தியாரும் பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"தாங்க, நான் கொண்டு போறன். சோத்துப் பெட்டிக்க வைச்சா ஆர் பாக்கப் போறான்?"

நான் திறப்பை எடுத்தேன். பூட்டில் போட்டேன். திருப்பவில்லை. பாஸ் இல்லாமல் எட்டு இரும்பு ஆணி சோற்றுக்குள் பிடிபட்டால் அந்த வாத்தியாருக்கு என்ன நடக்கும் என்று நான் யோசித்தேன். அவருக்கு அடி விழும். அவர் என் பெயரைச் சொல்வார். அடி எனக்கு வரும். இந்த ஒழுங்கில்தான் யோசித்தேனா, மறு ஒழுங்கிலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"வேணாம் சேர். பாஸ் எடுத்தே அனுப்புறம்."

"விதைப்பு எப்ப முடியிது?"

"நாலு நாளில."

"பாஸ் எப்ப வரும்?"

நான் திறப்பைப் பூட்டில் இருந்து திரும்ப எடுத்தேன். அவர் பஸ்ஸில் ஏறிப் போனார். பாஸ் வர இன்னும் பன்னிரண்டு நாள் ஆனது. இந்தக் காலத்தில் இந்தக் கதையைக் கேட்கிற வீரர்கள் எல்லாரும், நானென்றால் கொடுத்திருப்பேன் என்கிறார்கள். மின்விசிறிக்குக் கீழே இருந்து சொல்கிறார்கள்.

பட்டறைக்கு வந்தபோது முகாமையாளர் ஓடி வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மெசின் போனதா என்று கேட்கவே இல்லை. அடுத்த கிழமை எனக்கு ஒரு கடிதம் தந்தார்: ஆபத்தான சூழ்நிலையில் சங்கத்தின் சொத்தைத் தனித்து நின்று காப்பாற்றியமைக்காகப் பாராட்டு. பெட்டிகளுக்குப் பொறுப்பாளராக உயர்த்தினார்கள். பெட்டி தெரிவில் நான் விண்ணன் என்ற கதை அங்கேதான் பிறந்தது. கடிதத்தை லூயி ஐயாவிடம் காட்டினேன். முழுவதும் வாசித்தார். காதில் இருந்த சோக்கை எடுத்தார். ஒரு கணம் கடிதத்தின் மேலே பிடித்தார். பிறகு சோக்கைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு கடிதத்தைத் தந்தார். அந்தப் புள்ளடியைப் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பொறுப்பாளர் என்ற அதிகாரத்தில் நான் செய்தது ஒன்றுதான். அந்தக் கரைக்குப் போகிற எல்லாப் படிவத்திலும் பலகைப் பெட்டியின் நம்பரை எழுதினேன், எவரையும் கேட்காமல். எழுதிய நம்பரை ஒவ்வொரு தரமும் மூன்று முறை சரிபார்த்தேன். நீலப் பெட்டி கொட்டிலுக்குள் கோழி அடைய நின்றது.

இரண்டு மாதம் கழித்து வேறொரு மெசினோடு அந்தக் கரைக்குப் போனேன். வட்டை முழுக்கப் பச்சை. பூரணம் அக்காவின் நாலு ஏக்கரும் பச்சை. மற்றவர்களின் பயிருக்கு ஒரு விரல்கூடக் குறைவில்லை. வாய்க்கால் ஓரத்தில் அந்த இரண்டு ஏக்கரும் கோரையும் தண்ணீருமாக, பல் விழுந்த வாய் மாதிரிக் கிடந்தன. வரம்பில் அந்த இரும்புச் சில்லு இரண்டும் துருவேறிக் கவிழ்ந்திருந்தன. ஆணியும் அப்போது வந்து சேர்ந்துதான் இருந்தது. அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்தார். ஏசவில்லை. நான் போகப் புறப்படும்போது மட்டும் கேட்டார்:

"பெட்டி சுகமா இரிக்கா தம்பி?"

எங்கே கண்டாலும் அதையேதான் கேட்பார். சந்தையில் கண்டாலும், கலியாண வீட்டில் கண்டாலும். ஒரு தரம்கூட என் சுகத்தைக் கேட்டதில்லை.

படுவான்கரையில் ஒவ்வொரு வயல் துண்டுக்கும் பெயர் உண்டு. அந்த இரண்டு ஏக்கருக்கும் அந்த மாரியில் ஒரு பெயர் வந்தது: பெட்டிப்பள்ளம். அடுத்த வருசம் அதில் நல்லாய் விளைந்தது. அதற்கடுத்த வருசமும் விளைந்தது. பெயர் மட்டும் போகவில்லை. யுத்தம் முடிந்த பிறகு ஒரு வட்டைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன், ஒரு மெசின் விசயமாக. புதிதாகத் தெரிவான வட்டவிதானை வயல்களின் பெயரை வாசித்துக்கொண்டு வந்தார். வட்டவிதானைதான் அந்த வெளியின் தண்ணீருக்கும் வேலிக்கும் பொறுப்பு. ஆள் இளந்தாரி, வெளியூரில் படித்து வந்தவர். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"பெட்டிப்பள்ளம், ரெண்டு ஏக்கர். இதென்ன பேர்? ஆருக்காவது தெரியுமா?" என்று சனத்தைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் வயதானவனாக இருந்தது நான்தான். "ஐயா, உங்களுக்குத் தெரிந்திரிக்குமே?"

"தெரியாது தம்பி" என்றேன். "அது பழைய பேர்."

பின்னால், பெண்கள் இருந்த பக்கத்தில் இருந்து பூரணம் அக்காவின் குரல் வந்தது.

"அவருக்குத் தெரியாதாம் மனே. இடுப்பத் தடவிப் பாக்கச் சொல்லு."

தெரிந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். என் கை என்னைக் கேளாமலே இடுப்புக்குப் போயிற்று.